மச்சாள் வாய் திறந்த பின்னேரம்

அந்தப் பிள்ளைக்காக வாய் திறந்தது நானில்லை, என் மச்சாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையை நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை "நாங்க கேட்டம்" என்று சொன்னேன். இன்னொருமுறை கந்தோரில் தேத்தண்ணி நேரத்தில் "நான் கேட்டன்" என்றே வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன், ஆனால் திருத்தவில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. கிரானில் இருக்கிறார். அவருக்கும் அவருடைய புருசனுக்கும் அங்கே வட்டை என்கிற வயல்வெளியில் காணி. விதைப்புக்கும் வெட்டுக்கும் வருகிற ஆட்களோடு நாள் முழுக்க வரம்பில் நின்று கதைத்துப் பழகிய குரல் அவருடையது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் களுதாவளையில் பிறந்து, படித்து, இப்போது அரச கந்தோரில் கிளாக்காக இருக்கிறேன். வேலைக்காக டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவரைவிட ஒரு படி மேலே என்று எனக்குள் ஒரு எண்ணம் எப்போதும் இருந்தது. மேலே இருப்பவளுக்குக் கீழே இருப்பவர் மேல் பொறாமை வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். வந்தது.

மாமி, என் கணவரின் தாய், மச்சாளோடு கிரானில் இருப்பவர். முழங்கால் வருத்தத்துக்கு டவுனில் மருந்தெடுக்க எங்களிடம் வந்து தங்கியிருந்தார். அரச ஆஸ்பத்திரியில் நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்பதால் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் எலும்பு டொக்டருக்கு நம்பர் எடுத்தோம். பின்னேரம் நாலு மணிக்கு டொக்டர் வருவார் என்று நம்பர்த் துண்டில் எழுதியிருந்தது. தாயோடு கூட நிற்கவென்று மச்சாளும் கிரானிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

ஐந்தேகால் ஆகியும் டொக்டர் வரவில்லை. கூடம் நிறையச் சனம். சுவரில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பிள்ளை ஒன்று தனியாக இருந்தது. போன் எடுப்பது, நம்பர் கூப்பிடுவது, துண்டு எழுதுவது எல்லாம் அவள்தான். ஐந்தரைக்கு டொக்டர் வந்து நேரே உள்ளே போனார். அவள் வரிசையாக நம்பர் கூப்பிட்டாள். மாமிக்கு வாய் காய்கிறது என்றதால், மச்சாள் முன்னால் இருந்த கடைக்குத் தேத்தண்ணி வாங்கப் போனார். நானும் மாமியும் முதல் வரிசைக் கதிரையில் இருந்தோம். கவுண்டருக்கும் எனக்கும் இடையில் ஒரு எட்டுத் தூரம்தான்.

பதின்மூன்றாம் நம்பர் உள்ளே போன நேரம், தேய்த்த சேட்டும் கையில் ஹெல்மெட்டுமாக ஒருவர் வெளியிலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"என்ட நம்பர் பதினொண்டு. பதின்மூண்டு எப்பிடி உள்ளுக்குப் போன?" என்று கேட்டார்.

"சேர், பதினொண்டு ரெண்டு தரம் கூப்பிட்டன். நீங்க இல்ல. அடுத்ததா உங்கள விடுறன்."

"நீ கூப்பிட்டா எனக்குக் கேட்டிருக்கும். பொய் சொல்லாத. ஆரிட்ட என்ன வாங்கிப்போட்டு உள்ளுக்கு விட்ட?"

"இல்ல சேர்."

அவர் ஹெல்மெட்டைக் கவுண்டரில் அடித்து வைத்தார். படிப்பு ஏறாததுகளைக் கொண்டுவந்து இருத்தினால் இப்படித்தான் என்றார். எந்த மூலையில் இருந்து வந்தாய் என்று கேட்டார். அவளுடைய தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னார், அதை நான் எழுதமாட்டேன். அவள் "மன்னிச்சிருங்க சேர், மன்னிச்சிருங்க சேர்" என்று அதே சொல்லைச் சொல்லிக்கொண்டே நின்றாள்.

சனமெல்லாம் டீவியைப் பார்த்தது. டீவியில் பால்மா விளம்பரம். அதை அவ்வளவு கவனமாக ஒருவரும் ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார்கள். நானும் பார்த்தேன்.

எனக்குப் பேச்சில்லாமல் இல்லை. அதுதான் வேதனை. இந்தக் கந்தோர் வேலை கிடைக்கமுன்னர் நான் போன் கொம்பனி ஒன்றின் கவுண்டரில் ஆறு வருசம் இருந்தவள். வெட்டுப்பட்ட லைனுக்கும், வேலை செய்யாத சிம்முக்கும், கொழும்பில் ஆரோ எடுத்த முடிவுக்கும் ஏச்சு வாங்கினவள். அந்த மனிசனுக்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல் சொல்லாகத் தெரியும். நெஞ்சுக்குள் எல்லாவற்றையும் அடுக்கியும் விட்டேன். எழும்பக் கதிரையின் கையைப் பிடித்தேன். மாமி என் தொடையில் கையை வைத்து, "பறையாம இரி கா, நமக்கென்னத்துக்கு," என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். மாமியைக் குற்றம் சொல்லப் பலமுறை பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை. மாமியின் கையில் அவ்வளவு பாரம் இருக்கவில்லை.

அப்போது மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தார். தாயைப் பற்றிச் சொன்ன சொல் அவருக்கு வாசலிலேயே கேட்டிருக்கவேண்டும். அங்கே ஒரு நிமிசம் நின்று பார்த்தார். பிறகு நேரே கவுண்டருக்குப் போனார். அந்த மனிசனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் கேட்டார்:

"தங்கச்சி, உங்கட பேர் என்ன?"

அவள் சொன்னாள். சத்தம் வெளியே வரவில்லை.

"எங்கட அம்மாட நம்பர் எத்தினை எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

அவள் குனிந்து கொப்பியைப் புரட்டினாள். கைகளுக்கு ஒரு வேலை வந்தது.

"நான் கதைச்சிக்கொண்டு நிக்கிறன், தெரியல்லயா?" என்றார் அந்த மனிசன்.

"கதைங்க தம்பி. ஏசாமக் கதைங்க. நானும் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

"நீ ஆரு?"

"நான் பதினாலாம் நம்பர்," என்றார் மச்சாள்.

பின்னால் ஆரோ சிரித்தார்கள். மச்சாள் சிரிக்கவில்லை. "டொக்டர் சுணங்கினது இந்தப் பிள்ளைட பிழையில்லத்தானே. நீங்க வெளிய நிண்டு போன் கதைச்சத நான் தேத்தண்ணிக்குப் போகக்குள்ள கண்டன். எங்கட நம்பர நீங்க எடுங்க. நாங்க பிறகு போறம். ஆனா அந்தப் பிள்ளைட தாயப் பத்திச் சொன்னது சரியில்ல," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் தொப்பியோடு இருந்த காத்தான்குடிப் பெரியவர் ஒருவர், "ஓம் தம்பி, அந்தப் புள்ள ரெண்டு தரம் கூப்பிட்டிச்சு. நானும் கேட்டன்," என்றார். ஒரு பொம்பிளையும் "ஓம், ஓம்," என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அந்த மனிசன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்போது நானும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறாவது ஆளாகச் சொல்வதில் எனக்கு என்ன பெருமை என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் பெருமையைத்தான் நினைத்தேன்.

மச்சாள் உடனே வந்து இருக்கவில்லை. மாமிக்கு வாங்கின தேத்தண்ணியை அந்தப் பிள்ளையின் பக்கம் தள்ளி, "குடி கிளி, ஆறப்போகுது," என்றார். அவள் இரண்டு வாய் குடித்தாள். அதன் பிறகுதான் கண்ணீர் வந்தது. அவள் தன் கையை மச்சாளின் கைமேல் வைத்தாள். வெயிலில் கறுத்து நகம் உடைந்த கை அது. அதன்மேல் அவளுடைய கை கன நேரம் கிடந்தது.

என் வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமி மகனுக்குக் கதை சொன்னார். "பறையாம இரி" என்று என்னைத் தடுத்தவர்தான். இப்போது மகளின் வீரத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார். ஹெல்மெட் மனிசன் ஆறடி உயரமானான். கூடம் முழுக்க எழும்பி நின்றது. என் கணவர் சிரித்துக்கொண்டே, "அக்கா சின்னனில இருந்தே அப்பிடித்தான்," என்றார். பிறகு என்னிடம், "நீ எங்க இருந்த?" என்று கேட்டார்.

"பக்கத்திலதான் இருந்தன்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நான்தான் தொடர்ந்து கதைத்தேன். "அவக்கென்ன, கதைச்சுப்போட்டு கிரானுக்குப் போயிருவா. நாளைக்கு அந்தாளின்ட முகத்தில முழிக்கிறது நாங்கதானே. எல்லாத்துக்கும் முன்னுக்கு நிக்கிறது சில பேருக்குப் பழக்கம்."

மச்சாள் குசினி வாசலில் நின்று கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். "கா, இந்தத் துணி எங்க போடுற?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சில நாட்கள் அந்தக் கை மேல் கிடந்த கைதான் நினைவில் வந்துகொண்டிருந்தது. மச்சாளைப் புகழுகிறார்கள் என்பதால்தான் இந்த எரிச்சல் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான். மற்றப் பாதி என்னவென்று, ஒரு நாள் கந்தோரில் ஆருக்கோ சீல் குத்திக்கொண்டிருந்தபோது எனக்குப் புரிந்தது. எனக்கு அந்தப் பிள்ளை மேல் பொறாமை.

போன் கொம்பனிக் கவுண்டரில் இருந்த காலத்தில் எனக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. ஒரு மனிசன் தன் லைன் வெட்டுப்பட்டதற்கு என்னைத் திட்டத் தொடங்கி, என் நிறம், என் பல், எனக்கு ஏன் இன்னும் கலியாணமாகவில்லை என்பது வரைக்கும் போனான். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதில் என்னைப் படிப்பித்த ரீச்சர் ஒருவரும் இருந்தார். அவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மனிசன் போன பிறகு, அடுத்ததாக நின்றவர் ஒன்றும் சொல்லாமல் அடையாள அட்டையைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். நான் அவருடைய வேலையைச் செய்து கொடுத்தேன். ரீச்சரின் முறை வந்தபோது, "சுகமா மகள்?" என்று கேட்டார். "ஓம் ரீச்சர்," என்றேன்.

ஆறு வருசத்தில் ஒரு ஆள் எனக்காக ஒரு சொல் சொன்னதில்லை. இந்தப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட இருக்காது. அவளுக்கு என் வீட்டிலிருந்தே ஒரு ஆள் எழும்பிப் போயிருக்கிறார். நான் கவுண்டரில் நின்றபோது அந்த மச்சாள் எங்கே இருந்தார் என்று கோபம் வந்தது. அப்போது எனக்குக் கலியாணமே ஆகவில்லை. அவரை எனக்குத் தெரியாது. கோபத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து மாமியின் எக்ஸ்ரே முடிவை டொக்டரிடம் காட்டவேண்டி இருந்தது. "நான் தனியப் போறன்," என்றேன். கணவர் லீவு போடுகிறேன் என்றதையும் வேண்டாமென்றேன். நல்ல சாரி ஒன்றைத் தேடி உடுத்தேன். எதற்கென்று அப்போது எனக்கே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அன்று பிள்ளைகளுக்கான டொக்டரும் வந்திருந்தார். கவுண்டரில் அதே பிள்ளை. நான் சிரித்தேன். அவள் துண்டை வாங்கி எழுதிவிட்டு, "இரிங்க அக்கா," என்றாள். என்னை அடையாளம் தெரியவில்லை.

அரை மணித்தியாலத்தில் ஒரு இளம் தாய் தோளில் குழந்தையோடு கவுண்டருக்கு வந்தாள். "எத்தினை தரம் கேக்கிற? வாய்க்குள்ள என்ன வெச்சிருக்க? ஓம் இல்ல எண்டு சொல்லத் தெரியாதா?" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

நான் எழும்பிவிட்டேன். இந்த முறை ஆரும் என் தொடையில் கை வைக்கவில்லை.

"மரியாதையாக் கதைங்க. சம்பளத்துக்கு வேலை செய்யிற எண்டா அவ மனிசி இல்லயா? உங்கட வீட்டுப் பிள்ளையெண்டா இப்பிடிக் கதைப்பீங்களா?" என்று தொடங்கினேன். நெஞ்சுக்குள் அடுக்கி வைத்ததெல்லாம் வந்தது. நல்ல தமிழில் வந்தது. சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பி, ஆரெல்லாம் பார்க்கிறார்கள் என்றும் பார்த்தேன்.

அந்தத் தாய் என்னைப் பார்த்தாள். வாய் கோணியது. பிறகு சத்தம் வைத்து அழத் தொடங்கினாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், நம்பர் முடிந்துவிட்டது. குழந்தையும் வீறிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார்கள். "பிள்ளைக்காரிய ஏன் பிள்ள இப்பிடிப் பேசிற?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். என்னைக் கேட்கவில்லை. கவுண்டரைப் பார்த்து, "இண்டைக்கும் சண்டையா? ஏன் உன்ட கவுண்டர்ல மட்டும் ஒவ்வொரு நாளும் பிரச்சினை?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"அவவில பிழையில்ல," என்றேன்.

"நீங்க இரிங்க மிஸ், நாங்க பாத்துக்கொள்ளுறம்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் நம்பர் வந்து, டொக்டரிடம் காட்டி, வெளியே வரும்போது கவுண்டரில் நின்றேன். "தங்கச்சி, நான் உங்களுக்காகத்தான் கதைச்சன்," என்றேன்.

"தெரியும் அக்கா." எழுதிக்கொண்டே சொன்னாள். "அந்தக் குழந்தைக்கு ஒரு இடம் கேட்டு டொக்டருக்கு உள்ளுக்கு ஆள் அனுப்பியிருந்தன். பதில் வரல்ல. அதான் ஓம் இல்ல எண்டு சொல்லாம நிண்டன். அஞ்சு நிமிசம் போயிருந்தா சரியாகியிருக்கும்." பிறகு நிமிர்ந்து, "நீங்க அண்டைக்கு ஒரு அக்காவோட வந்த நீங்கதானே? முழங்கால் வருத்தக்கார அம்மாட மகள். அவ சுகமா?" என்று கேட்டாள். முகம் மலர்ந்து வெளித்திருந்தது.

"சுகம்," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியைக் கொண்டுபோய் விடக் கிரானுக்குப் போனோம். ஆண்கள் வயல் பார்க்கப் போனதும், மச்சாள் மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் பலகையைப் போட்டு இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். சாரி உடுத்தது வரைக்கும் சொன்னேன். கடைசியில், "எனக்கு உங்களில எரிச்சல் மச்சாள். அண்டையில இருந்து எரிச்சல்தான்," என்றேன்.

அவர் மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் சுரண்டினார். "தெரியும் கா. நீ வீட்ட சொன்னது எனக்குக் கேட்ட."

"கேட்டுட்டு ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்லுற? எனக்கும்தான் உன்னில எரியிற. நீ காத்தாடிக்குக் கீழ கதிரையில இருந்து வேலை செய்யிற. எனக்கு இந்த வரம்புதான். அம்மாவும் உன்னப் பத்தி ஊர்ல கதைக்கக்குள்ள 'என்ட மருமகள் கந்தோர்ல' எண்டுதான் தொடங்குவா. என்னப் பத்தி ஆருக்கும் சொல்லமாட்டா."

மாமி என்னைப் பற்றி ஊரில் அப்படிச் சொல்வது எனக்கு அதுவரை தெரியாது.

"அந்தாளோட கதைக்கக்குள்ள உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலா? அதான் கவுண்டரப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஏசுறவனோட நமக்கு என்ன கதை? அந்தப் பிள்ளை தனிய நிண்டிச்சு. பக்கத்தில போய் நிப்பம் எண்டு போனன். மத்ததெல்லாம் அந்தாள் கேட்டதால வந்தது."

போன் கொம்பனிக் கதையையும் அவரிடம் சொன்னேன். கணவரிடம்கூட முழுசாகச் சொல்லாத கதை. பல்லைப் பற்றிச் சொன்னது வரைக்கும் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க அந்த வரிசையில நிண்டிருந்தா கதைச்சிருப்பீங்களா?" என்றேன். ஓம் என்று சொல்லவேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி எதிர்பார்த்தேன்.

கொஞ்சம் யோசித்தார். "தெரியா கா. அந்த வயசில எனக்கும் பயம்தான். டீவியப் பாத்துக்கொண்டு நிண்டாலும் நிண்டிருப்பன்," என்றார்.

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏன் என்று முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

டவுனுக்கு வந்து, கந்தோர் விட்ட பிறகு ஒரு நாள் அந்த மருத்துவ நிலையத்துக்குப் போனேன். கூடத்தில் நிற்காமல் முதலாளியின் அறைக் கதவைத் தட்டினேன். அன்று சத்தம் போட்டது நான்தான், அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை என்றேன். அதற்கு முதல் வந்த ஹெல்மெட்காரர் என்னவெல்லாம் சொன்னார் என்பதையும், அவள் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டாள் என்பதையும் சொன்னேன். தாயைப் பற்றிச் சொன்ன சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ எனக்கு இத ஒண்டும் சொல்லல்லயே," என்றார்.

"சொன்னா, உன்ட கவுண்டர்ல மட்டும் ஏன் எண்டு கேப்பீங்க எண்டு பயந்திருப்பா."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தக் கதவத் தட்டுறாக்கள் எல்லாம் குறை சொல்லத்தான் மிஸ் வாற," என்றார். அடுத்த மாதத்திலிருந்து கவுண்டரில் இரண்டு பேர் இருந்தார்கள். அது நான் சொன்னதாலோ, சனம் கூடியதாலோ, எனக்குத் தெரியாது. நான் போய்ச் சொன்னது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. மாமிக்கு மருந்தெடுக்கப் போனபோதெல்லாம் அவளிடம் சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை.

தைப்பொங்கல் கழிந்து மச்சாள் போன் எடுத்தார். ஊர்க் கதை எல்லாம் கதைத்துவிட்டு, "அந்த மருந்துக் கவுண்டர்ப் பிள்ளை பொங்கலுக்கு எனக்குக் கோல் எடுத்தவ கா. அம்மாட பேருக்குக் கொப்பியில இருந்த என்ட போன் நம்பர வெச்சு எடுத்திருக்கா. வேற இடத்தில நல்ல வேலை கிடைச்சிருக்காம். ரெண்டு கிழமையில போறாவாம்," என்றார்.

"என்னயும் சுகம் கேட்டவளா?"

மச்சாள் பக்கத்தில் கோழிகளை விரட்டுவது கேட்டது. பிறகு, "கேட்டவ, கேட்டவ," என்றார், ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்லாக.

அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. "சுகமெண்டு சொல்லுங்க," என்றேன்.